ஐந்து நிமிட மருமகன்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்: ஒரே ஒரு கோலுக்காக என் சொந்தத் தங்கச்சியைக் காட்டிக் கொடுத்தவன் நான். அதுவும் இரகசியமாக இல்லை. லவுட்ஸ்பீக்கர் பூட்டி, ஒஸ்லோத் தமிழரில் பாதிப்பேர் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் காட்டிக் கொடுத்தேன்.

அப்பா படித்த கல்லூரியின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். (சொன்னா நாளைக்கே பழைய மாணவர் ஆறுபேர் வீட்டு வாசல்லை வந்து நிப்பினம். அதிலை நாலுபேருக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போடக்கூடாது.) யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளில் முக்கால்வாசிக்கு ஒஸ்லோவில் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. சங்கம் இருந்தால் உதைபந்தாட்ட அணியும் இருக்கும். ஒவ்வொரு கோடையிலும் ஒரு மைதானத்தை எடுத்து, நாற்பது வருசத்துப் பழைய கோபத்தையெல்லாம் பாதிக்கு இருபது நிமிடம் என்று விளையாடித் தீர்ப்பார்கள்.

நான் அந்தக் கல்லூரியில் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. இரண்டு வயதில் அம்மாவின் மடியில் இருந்து நோர்வேக்கு வந்தவன். ஊருக்குப் போனபோது அந்தக் கேற்றுக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்தேன், அவ்வளவுதான் எனக்கும் கல்லூரிக்கும் உள்ள சம்பந்தம். ஆனால் அந்த அணிக்காக நான் கத்தினதைப் போல அங்கே படித்தவன் எவனும் கத்தியிருக்க மாட்டான்.

கத்தாமல் என்ன செய்வது? மூன்று கோடை! மூன்று கோடையாக எங்கள் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. தோற்றிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். நாங்கள் தோற்கவும் மாட்டோம். பூச்சியம் பூச்சியம், பூச்சியம் பூச்சியம் என்று சமமாக முடித்துவிட்டு, முதல் சுற்றோடு பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். எங்கள் ஆட்டம் தொடங்கினால் சனம் எழும்பி ரொய்லற்றுக்குப் போகும்.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் பயிற்சியாளர் சிவபாதம் அங்கிள். தங்கமான மனிசன். தன் காலத்தில் கல்லூரி அணியில் பின்வரிசையில் விளையாடியவர். ஏதோ ஒரு இறுதியாட்டத்தில் கடைசி நிமிடம் பந்து அவருடைய காலுக்கிடையால் போய்க் கோலாகிவிட்டதாம். அன்றிலிருந்து அந்தப் பந்தை மறிப்பதற்கே ஆள் நாற்பது வருசமாக நிற்கிறார். வியாழக்கிழமைப் பயிற்சியில் அரை மணித்தியாலம் பேச்சு. மிச்ச நேரம் பொடியளைப் பின்பக்கமாக ஓடவிடுவார். முன்பக்கமாக ஓடினால் விசில் அடிப்பார்!

எங்களுக்கு இருந்த ஒரே முன்கள வீரன் ஜெனா. எதிரணிக்குக் கோர்னர் கிடைத்தாலும் அவன் பின்னுக்கு வர வேண்டும், த்ரோ கிடைத்தாலும் பின்னுக்கு வர வேண்டும். எதிரணிக்காரன் தண்ணீர் குடிக்கப் போனாலும் அங்கிள் "ஜெனா, பின்னுக்கு வா!" என்று கத்துவார். அவனுக்கு எதிரணியின் கோல்கீப்பர் எப்படி இருப்பார் என்றே தெரியாது.

நான் பஸ் ஓட்டுகிறவன். ஹவுகன்ஸ்டுவாவில் சனத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் எனக்குள்ளே இந்த அணிதான் ஓடும். இடைவேளைகளில் அங்கிளுக்குக் குரல்செய்தி அனுப்புவேன், ஒவ்வொன்றும் ஆறு நிமிடம், ஏழு நிமிடம். அவர் பதிலுக்குப் பெருவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று அனுப்புவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் நேரே போய்ப் பிடித்தேன்.

"அங்கிள், கோல் அடிக்கிறதுக்கு உங்களிட்டை என்ன திட்டம் இருக்கு?"

"ஏன் தம்பி அவசரப்படுறீர்?"

"மூண்டு வருசம் அங்கிள்! மூண்டு வருசம்!"

"அந்த மூண்டு வருசமும் அவையள் எங்களுக்கு அடிச்சவையோ? இல்லைத்தானே. பிறகென்ன?"

அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (இது சும்மா. ரெண்டு புட்டு குறைச்சுச் சாப்பிட்டனான்.)

இந்த நேரத்தில்தான் தங்கச்சி சிந்துஜாவுக்குச் சம்பந்தம் ஒன்று வந்தது. அவள் ஒஸ்லோவில் பிறந்தவள், பாலம் கட்டும் என்ஜினியர், ஒன்றுக்கு நாலு தரம் கணக்குப் பார்த்துத்தான் எதையும் செய்வாள். மாப்பிள்ளை ஆரூரன். லோறென்ஸ்கூக்கில் இருந்து அவனும் தாய் தகப்பனும் பியோர்ண்டாலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா வேலையைப் பற்றிக் கேட்டார். அம்மா ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். அப்போதுதான் பெடியன் நோர்வேஜியக் கிளப் ஒன்றில் நாலாம் டிவிசன் விளையாடியவன் என்ற விசயம் வெளியே வந்தது. நான் கதிரையை இழுத்துக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"தம்பி, உமக்கு எந்தக் கால்?"

"இடது, அண்ணா."

இடது! எங்கள் அணியில் இடதுகாலை எல்லோரும் நடப்பதற்கு மட்டுந்தான் வைத்திருந்தார்கள். நான் அடுத்த கேள்விக்கு வாயைத் திறக்க, அம்மா பலகாரத் தட்டில் இருந்து ஒரு முழு றோல்ஸை எடுத்து என் கையில் திணித்தார்.

சிந்துவும் ஆரூரனும் இரண்டு தரம் வெளியே கோப்பி குடிக்கப் போய் வந்தார்கள். பிறகு அவள் எங்கள் எல்லோரையும் குந்த வைத்துச் சொன்னாள். "எனக்கு ஒரு மாசம் வேணும். யோசிச்சு நானே பதில் சொல்லுறன். அதுவரைக்கும் ஒருத்தரும் வெளியிலை மூச்சு விடக்கூடாது. சரிவராமப் போனா அவரை ஒருத்தரும் கதைக்கமாட்டினம். 'அது சம்பந்தம் குழம்பின பிள்ளை' எண்டு என்னைத்தான் கதைப்பினம்." அவள் சொன்னது சரிதான், அப்படிக் கதைத்த கதைகளை நாங்களே கேட்டிருக்கிறோம். அப்பா ஓம் என்றார், அம்மா ஓம் என்றார். நான் அவளுடைய தலையில் கைவைத்துச் சத்தியமே பண்ணினேன்.

சத்தியம் பண்ணிப் பதினாறாம் நாள், அணியின் பெயர்களை நிரப்பித் தரச்சொல்லிச் சுற்றுப்போட்டி விண்ணப்பப் படிவம் என் கைக்கு வந்தது. விதிமுறை மூன்று: 'அணியில் பழைய மாணவர்களும் அவர்தம் பிள்ளைகளும் மருமக்களும் மட்டுமே விளையாடலாம்.'

மருமக்கள்!

ஐயோ, அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. ஆரூரனின் அப்பா படித்த கல்லூரிக்கு ஒஸ்லோவில் அணியே கிடையாது. பெடியன் சும்மா இருக்கிறான், இடதுகாலோடு சும்மா இருக்கிறான்! படிவத்தில் பெயருக்குப் பக்கத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம். அதில் அப்பாவின் பெயரைப் போட்டு, 'பேரின்பநாதன் அவர்களின் மருமகன்' என்று எழுதினேன். மனச்சாட்சி குத்தியதால் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, '(ஆகக்கூடியவர்)' என்று பொடி எழுத்தில் சேர்த்தேன். படிவம் மேசைக்குப் போகும், மேசையோடு கிடக்கும், யார் அதைப் படிக்கப் போகிறார்கள்?

ஆரூரனுக்குப் போன் பண்ணி, ஆள் ஒன்று குறைகிறது, வந்து விளையாட முடியுமா என்று கேட்டேன்.

"சிந்துவுக்குத் தெரியுமோ அண்ணா?"

"தெரியும், தெரியும்." (நாக்கு அழுகியிருக்க வேணும். அழுகேல்லை.)

சனிக்கிழமை நல்ல வெயில். சிந்துவுக்கு அன்றைக்கு வாஃபல் சுடுகிற முறை. ஒவ்வொரு குடும்பமும் ஆளுக்கொரு மணித்தியாலம் சம்பளமில்லாமல் நிற்க வேண்டும். கொத்துரொட்டிக் கூடாரத்துக்குப் பின்பக்கம் அவளுடைய மேசை; அங்கிருந்து மைதானம் தெரியாது. அதை நான் காலையிலேயே போய்ப் பார்த்து உறுதிப்படுத்தி வைத்திருந்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும், சிந்துவுக்குத் தெரியும் என்றே சொல்லி வைத்திருந்தேன். எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்!

முதல் இரண்டு ஆட்டத்திலும் சிவபாதம் அங்கிள் ஆரூரனை வெளியில் இருத்திவிட்டார். "புதுப் பெடியன், பின்பக்கம் ஓடத் தெரியாது" என்றார். பூச்சியம் பூச்சியம். பூச்சியம் பூச்சியம். மூன்றாவது ஆட்டத்தில் வென்றால் அரையிறுதி, எங்கள் சங்கம் கண்ணாலும் காணாத அரையிறுதி! நான் அங்கிளின் காலில் விழாத குறை. கடைசியில் இரண்டாம் பாதிக்கு ஆரூரனை இறக்கினார். இறக்கி எங்கே விட்டார்? எங்கள் கோல்கீப்பருக்குப் பக்கத்தில்.

"தம்பி, முன்னுக்குப் போம்!" என்று நான் இந்தக் கரையில் நின்று கத்தினேன்.

"பின்னுக்கு நில்லும்!" என்று அங்கிள் அந்தக் கரையில் நின்று கத்தினார்.

பெடியன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இரண்டு பேரையும் விட்டான். பந்து காலுக்கு வந்தது. ஓடத் தொடங்கினான், முன்பக்கமாக! ஒருவனை வெட்டினான். இன்னொருவனை வெட்டினான். ஜெனா பழக்கதோசத்தில் எதிர்த் திசையில் ஓடிவந்தான், அவனையும் வெட்டினான். அங்கிள் விசிலை வாயில் வைத்து ஊதுகிறார், ஊதுகிறார், யார் கேட்பது? பெட்டிக்கு வெளியில் இருந்து அந்த இடதுகாலால் ஒன்று போட்டான் பாருங்கள்... வலை ஆடினதை நான் கண்ணால் கண்டேன். எங்களுக்கு எதிரணியின் வலை ஆடும் என்பதே மறந்துபோயிருந்தது.

கோல்! அட கடவுளே, கோல்! நான் எப்போது மைதானத்துக்குள் பாய்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. கட்டிப்பிடித்தது நடுவரை. நோர்வேஜியப் பிள்ளை, இருபது வயதிருக்கும், "நீங்கள் விளையாடுகிற ஆளா?" என்று பயந்துபோய்க் கேட்டாள். அப்பா சாரத்தை மடித்துக் கட்டுகிற பாவனையில் காற்சட்டையை இழுத்துக்கொண்டு துள்ளினார். எழுபது வயதுப் பழைய மாணவர்கள் கல்லூரிக் கீதத்தைத் தொடங்கினார்கள், இரண்டாம் வரி ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. நான் அழுதேன். உண்மையாக அழுதேன்.

அப்போதுதான் லவுட்ஸ்பீக்கர் கரகரத்தது. ஒஸ்லோவில் கலியாணம், அரங்கேற்றம் எதுவென்றாலும் மைக் பிடிக்கிற ரஞ்சன் அண்ணை, அதுவரை "வெள்ளை நிற வாகனத்தை எடுக்கவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கோல் அடித்தவன் யார் என்று எங்கள் படிவத்தை எடுத்திருக்கிறார்.

"அன்பார்ந்த உறவுகளே! மூன்று ஆண்டுத் தவத்தின் பின் கோல்! கோலை அடித்தவர் செல்வன் ஆரூரன்! இவர் வேறு யாருமல்ல, எங்கள் பேரின்பநாதன் அண்ணை அவர்களின் மருமகன்! செல்வி சிந்துஜாவின் கணவர்!"

அடைப்புக்குறிக்குள் இருந்ததை அவர் வாசிக்கவில்லை.

அப்பா துள்ளினபடியே நின்றுவிட்டார். அம்மா வாயில் கையை வைத்தார். எதிரணியின் மனேஜர் யோகன் சித்தப்பா, அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, கோல் வாங்கின துக்கத்தில் குனிந்து நின்றவர், மெல்ல நிமிர்ந்தார். அவருக்கு ஓஃப்சைட் தெரியாது, ஃபவுல் தெரியாது. ஆனால் இது தெரியும்.

"என்னது? கலியாணம் எப்ப நடந்தது? எங்களுக்கு ஒரு அழைப்புக் காட்டும் வரேல்லையே!"

அப்பா இழுத்துப் பிடித்திருந்த காற்சட்டையை மெல்ல விட்டார். "இல்லை யோகன், அது வந்து..."

"சொந்தத் தம்பிக்குச் சொல்லாமல் கலியாணம் செய்யிற அளவுக்கு வந்திட்டியள் என்ன அண்ணை? இல்லை, கலியாணம் நடக்கேல்லையெண்டா இந்தக் கோல் செல்லாது! ரெண்டிலை ஒண்டு சொல்லுங்கோ!"

ஆட்டம் நின்றது. விசயம் சுற்றுப்போட்டித் தலைவர் இராசையா மாஸ்டரிடம் போனது. அவர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டி, கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, "நிச்சயமாகியிருந்தாலும் மருமகன் எண்டு எடுக்கலாம். பொம்பிளைப்பிள்ளை தன்ரை வாயாலை ஓம் எண்டு சொல்லட்டும், கோலைத் தருவம்" என்றார். நடுவர் பிள்ளை என்ன பிரச்சினை என்று கேட்க, ஜெனா நோர்வேஜியத்தில் விளங்கப்படுத்தினான்: அந்தப் பெண் இவரைக் கட்டுவாளா என்று பார்க்கிறோம், கட்டினால் கோல். அவள் மணிக்கூட்டை நிறுத்தி, புல்லில் இருந்துவிட்டாள்.

சிந்துவைத் தேட வேண்டி வரவில்லை. மாக்கரண்டி கையில், மா சொட்டச் சொட்ட, மைதானத்தின் குறுக்கே வந்துகொண்டிருந்தாள். அத்தனை சனமும் விலகி வழி விட்டது. ஆரூரன் பேயறைந்தவன் மாதிரி நின்றான். நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணா. என்ன செய்து வச்சிருக்கிறாய்?"

அந்த இடத்தில் ஒரு மனிசன் என்ன செய்ய வேண்டும்? மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் என்ன செய்தேன்? மணிக்கூட்டைப் பார்த்தேன். இன்னும் ஆறு நிமிடம் மிச்சம். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிற அந்த வசனத்தைச் சொன்னேன்.

"சிந்து, குஞ்சு, ஒரு ஐஞ்சு நிமிசத்துக்கு ஓம் எண்டு சொல்லு. ஆட்டம் முடிஞ்ச உடனை இல்லையெண்டு சொல்லலாம்!"

ரஞ்சன் அண்ணை கடமை தவறாதவர். பேட்டி எடுப்பதுபோல மைக்கை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார். 'சொல்லலாம்' என்ற என் குரல் மூன்று பக்கத்து ஸ்பீக்கரிலும் அடித்துத் திரும்பி வந்தது.  கொத்துக்காரர்கூடக் கொத்துவதை நிறுத்திவிட்டார்.

சிந்து மாக்கரண்டியை என் கையில் தந்துவிட்டு மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் யோசிக்க ஒரு மாசம் கேட்டனான். இன்னும் பதினொரு நாள் இருக்கு. ஆனா நீங்கள் எல்லாரும் இப்ப கேக்கிறியள் எண்டபடியாலை இப்பவே சொல்லுறன். இல்லை. கோலுக்காகக் கேட்டா, இல்லை." பிறகு ஆரூரன் பக்கம் திரும்பினாள். "சொறி. ஆனா நல்ல கோல்."

"ஓம்," என்றான் அவன், தலையைச் சொறிந்துகொண்டு. "நல்ல கோல்தான்."

முதலில் கைதட்டியது அம்மா. பிறகு கொத்துக் கூடாரத்துப் பெண்கள். பிறகு முழு மைதானமும். கோல் போயிற்று. மிச்ச ஆறு நிமிடமும் எங்கள் அணி பின்பக்கமாக ஓடி, பூச்சியம் பூச்சியம் என்று முடித்தது. சிவபாதம் அங்கிள் வந்து என் முதுகில் தட்டினார். "பாத்தீரோ தம்பி, இந்த முறையும் ஒரு கோலும் வாங்கேல்லை!"

காரில் அப்பா ஓட்ட, அம்மா முன்னுக்கு, நானும் சிந்துவும் பின்னுக்கு.  பாதி வழியில் நான் "சிந்து, பிழை விட்டிட்டன், மன்னிச்சுக்கொள்" என்றேன்.

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "நான் ஓம் எண்டு சொல்லத்தான் இருந்தனான் அண்ணா."

ஐயோ! பொல்லால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தானாக, தன் வாயால், தனக்குப் பிடித்த நேரத்தில் சொல்ல வைத்திருந்த ஒரு சொல்லை நான் கோல்கம்பத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டேனே. அன்றைக்கு வீடு வரும்வரை நான் விக்கி விக்கி அழுதேன். கோலுக்கு அழுததைவிடக் கூட. அவள்தான் டிஷ்யூப் பெட்டியை எடுத்துத் தந்தாள், திரும்பிப் பார்க்காமலே.

அடுத்த கிழமை அவளே அவனுக்குப் போன் பண்ணினாள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கிற துணிவும் இல்லை. இரண்டு வருசம்! இரண்டு வருசம் கோப்பி குடித்தார்கள், மலை ஏறினார்கள், பனியில் சறுக்கினார்கள். நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "நாங்கள் கலியாணம் செய்யப் போறம்" என்று அவளே சொன்னாள். ஆரூரன் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தான்: மருமகனாக வருவான், சிவபாதம் அங்கிளின் கீழ் விளையாட வரமாட்டான். எனக்கு நெஞ்சு வெடித்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. (திறக்கப் போனனான். அம்மா பாத்த பார்வையிலை மூடியிட்டன்.)

முதல் அழைப்பிதழை யோகன் சித்தப்பா வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திகதியை இரண்டு தரம் வாசித்து, மண்டபத்தின் பெயரை வாசித்து, காட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எனக்குத் தேத்தண்ணி தந்தார்.

கலியாணத்தன்று தாலி கட்டி முடிந்து, வாழ்த்துச் சொல்ல இராசையா மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். மாஸ்டர் மைக்கைப் பிடித்து, கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, சட்டைப்பையில் இருந்து ஒரு தாளை எடுத்தார். "பொம்பிளைப்பிள்ளை ஓம் எண்டு சொல்லாத காரணத்தாலை நிராகரிக்கப்பட்ட கோலை, பொம்பிளைப்பிள்ளை இப்ப ஓம் எண்டு சொன்ன காரணத்தாலை, சுற்றுப்போட்டிக் குழு ஏகமனதாக ஏற்றுக்கொள்கிறது. முடிவு: ஒண்டுக்குப் பூச்சியம்!"

மண்டபம் எழும்பிவிட்டது! பழைய மாணவர்கள் கதிரையில் ஏறினார்கள். சிவபாதம் அங்கிள்கூட விசிலடித்தார். யோகன் சித்தப்பா "அப்பீல்! அப்பீல்!" என்று கத்தினார். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, ஐயரையும் தாண்டி, மணவறையில் ஏறி ஆரூரனைக் கட்டிப்பிடித்தேன். கோல்! மூன்று கோடைக்குப் பிறகு, இரண்டு வருசம் பிந்தி, ஆனால் கோல்!

மாலையும் கழுத்துமாக இருந்த சிந்து என்னைக் கிட்ட வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். குனிந்தேன். காதுக்குள் கேட்டாள்.

"அண்ணா, ஐஞ்சு நிமிசம் முடிஞ்சுது. இப்ப இல்லையெண்டு சொல்லட்டோ?"

எங்கள் வீட்டில் இன்றைக்கும் நான் எதைக் கேட்டாலும், ஒரு கோப்பை தண்ணி எடுத்துத் தரச் சொன்னாலும், "ஓம்" என்று சொல்ல முதல் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எத்தினை நிமிசத்துக்கு?"